பெயரை மட்டும் அழிக்கும் கட்டளை

1998ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் ‘டாய் ஸ்டோரி 2’ அனிமேஷன் படம் உருவாகிக்கொண்டிருந்தது. ஒருநாள், கணினித் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஊழியர்கள் திடுக்கிட்டனர். கதாபாத்திரங்களின் கோப்புகள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக மறைந்துகொண்டிருந்தன. யாரோ ஒரு சிறிய கட்டளையைத் தவறான இடத்தில் இட்டுவிட்டார்கள். கணினியின் மின்சாரத்தைத் துண்டிப்பதற்குள் படத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

அந்தக் கட்டளையின் பெயர் ‘ஆர்எம்’. இரண்டே எழுத்துகள். ‘நீக்கு’ எனப் பொருள்படும் ‘ரிமூவ்’ என்ற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் கையேட்டிலேயே, 1971இல், இது இடம்பெற்றுவிட்டது. இன்றும் லினக்ஸ் கணினியிலோ ஆப்பிள் மேக் கணினியிலோ கட்டளைச் சாளரத்தைத் திறந்தால் அதே இரண்டு எழுத்துகளைப் பயன்படுத்தலாம்.

சுட்டியால் நாம் அழிக்கும் கோப்பு பெரும்பாலும் முதலில் குப்பைத் தொட்டிக்குப் போகும். மனம் மாறினால் எடுத்துக்கொள்ளலாம். ஆர்எம் கட்டளைக்குக் குப்பைத் தொட்டியே கிடையாது. அதனுடன் ‘ஆர்’ என்ற எழுத்தைச் சேர்த்தால் ஒரு கோப்புறையையும் அதற்குள் இருக்கும் அனைத்தையும் நீக்கும். ‘எஃப்’ என்ற எழுத்தையும் சேர்த்தால் “உறுதியா?” என்று கேட்கவும் செய்யாது.

அப்படியானால் கோப்பு உண்மையிலேயே அழிந்துவிடுகிறதா? இங்கேதான் வியப்பு இருக்கிறது.

யூனிக்ஸ் வகைக் கணினியில் கோப்பின் பெயர் ஓரிடத்திலும், அதன் விவரங்கள் வேறோர் இடத்திலும் இருக்கும். கோப்புறை என்பது பெயர்களும் எண்களும் கொண்ட ஒரு பட்டியல்தான். அந்த எண் ‘ஐநோட்’ எனும் பதிவேட்டைக் காட்டும். கோப்பின் அளவு, உரிமையாளர், தரவு வட்டின் எந்தக் கட்டங்களில் உள்ளது, கோப்புக்கு எத்தனை பெயர்கள் உள்ளன என்பதெல்லாம் அதில் இருக்கும். ஆர்எம் செய்வது பட்டியலிலிருந்து பெயரை எடுப்பது மட்டுமே. கோப்புக்கு இன்னொரு பெயர் இருந்தால் அது பத்திரமாகவே இருக்கும். கடைசிப் பெயரும் போய், எந்த மென்பொருளும் அதைத் திறந்து வைத்திருக்கவில்லை என்றால், அந்தக் கட்டங்கள் ‘காலி’ என்று குறிக்கப்படும்.

வாடகை வீட்டை நினைத்துப் பாருங்கள். வாசலில் பெயர்ப்பலகையைக் கழற்றி, ‘வீடு காலி’ என்று எழுதியாகிவிட்டது. ஆனால் உள்ளே சாமான்கள் அப்படியே இருக்கின்றன. புதிதாக ஒருவர் குடிவரும்போதுதான் அவை வெளியே போகும். அதனால்தான் அழிந்த கோப்புகளைச் சில வேளைகளில் மீட்க முடிகிறது.

ஆகவே, தவறுதலாக எதையாவது அழித்துவிட்டால் முதல் வேலை, அந்த வட்டில் எதையும் எழுதாமல் நிறுத்துவது. வெளி வட்டு என்றால் முறையாகக் கழற்றி வையுங்கள். மீட்பு மென்பொருளை அதே வட்டில் பதிவு செய்யாதீர்கள். காலி வீட்டுக்கு நீங்களே ஆள் அனுப்பியதாகிவிடும். எஸ்எஸ்டி வகை வட்டுகளில் நம்பிக்கை இன்னும் குறைவு. எந்தக் கட்டங்கள் காலி என்பதை இயங்குதளம் சொன்னதும், வட்டே அவற்றைத் துடைத்துவிடக்கூடும்.

வருமுன் காப்பதும் எளிதுதான். கட்டளையில் * குறிக்கு ‘எல்லாம்’ என்று பொருள். ‘படம்*’ என்றால் ‘படம்’ எனத் தொடங்கும் கோப்புகள் மட்டும். இடையில் ஓர் இடைவெளி விழுந்து ‘படம் *’ ஆகிவிட்டால், கோப்புறையில் உள்ள எல்லாக் கோப்புகளும்! எனவே ஆர்எம் இடுவதற்கு முன், அதே சொற்களைக் கோப்புகளைப் பட்டியலிடும் ‘எல்எஸ்’ கட்டளையுடன் தட்டிப் பாருங்கள். திரையில் எவை வருகின்றனவோ, அவைதான் அழியப் போகின்றன. ‘ஐ’ என்ற எழுத்தை ஆர்எம்முடன் சேர்த்தால், ஒவ்வொரு கோப்புக்கும் உங்கள் அனுமதியைக் கேட்கும்.

பிக்சாரில் நடந்தது என்ன? காப்பு நகல்கள் இருக்கின்றன என்றுதான் எல்லாரும் நம்பியிருந்தார்கள். எடுத்துப் பார்த்தபோதுதான் அவை சரியாகப் பதிவாகவில்லை என்பது தெரிந்தது. தொழில்நுட்பப் பிரிவைச் சேர்ந்த கேலின் சஸ்மன், குழந்தை பிறந்திருந்ததால் வீட்டிலிருந்து வேலை செய்துவந்தார். அவர் வீட்டுக் கணினியில் படத்தின் ஒரு நகல் இருந்தது. அந்தக் கணினியைப் போர்வையில் சுற்றி, காரில் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள். படம் பிழைத்தது, 1999 நவம்பரில் திரைக்கு வந்தது.

உங்கள் வீட்டுத் திருமணப் படங்களும் பிள்ளைகளின் காணொளிகளும் ஒரு வெளி வட்டில் நகலாக இருக்கலாம். அந்த நகலைக் கடைசியாக எப்போது திறந்து பார்த்தீர்கள்? இந்த வார இறுதியில் ஐந்து நிமிடம் ஒதுக்கி, அதிலிருந்து ஒரே ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால் நிம்மதி. திறக்காவிட்டால், மூலப் படம் கையில் இருக்கும்போதே தெரிந்துகொண்டீர்கள்.