நம்பர் மாறியது, அகலம் மாறியது... தொப்பூர் இறக்கம் மட்டும் மாறவில்லை!

சேலத்தில் இருந்து தர்மபுரிக்குத் தினமும் வேலைக்குப் போய் வருகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்க ஆரம்பித்தால் அரைத் தூக்கத்தில் இருப்பவரும் கண் விழித்து முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். சும்மாவா?

2024 ஜனவரி 24. சாயங்கால நேரம். தர்மபுரிப் பக்கம் இருந்து இறங்கி வந்த லாரி, இரட்டைப் பாலத்தில் முன்னால் போன வண்டிகள் மீது மோதியது. ஒரு லாரி பாலத்தின் தடுப்பை உடைத்துக்கொண்டு கீழே விழுந்தது. நடுவில் சிக்கிய கார் அப்பளமாக நொறுங்கித் தீப்பிடித்தது. 4 பேர் பலி! கேமராவில் பதிவான அந்தக் காட்சியை நாடு முழுக்கப் பார்த்தார்கள்.

அதற்கு முன்பு 2020 டிசம்பர் 12. அதே இறக்கம். வரிசையாக நின்ற பத்துக்கும் மேற்பட்ட வண்டிகளை ஒரே லாரி இடித்துத் தள்ளியது. அன்றைக்கும் 4 பேர் பலி.

இவை ஊர் அறிந்த விபத்துகள். நாலு வரிச் செய்தியாக வந்து மறந்துபோனவை எத்தனையோ. ரோடு போட்டார்கள், அகலப்படுத்தினார்கள், நம்பரைக்கூட மாற்றினார்கள். ஆனால் இந்தச் சில கிலோ மீட்டர் மட்டும் ஆளை விழுங்குவதை நிறுத்தவில்லையே, ஏன்?

அதைத் தெரிந்துகொள்ள இந்தச் சாலையின் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

ஏழு போய் நாற்பத்து நாலு

வயதானவர்கள் இன்றும் இதை "செவன்த் ஹைவே" என்றுதான் சொல்வார்கள். தேசிய நெடுஞ்சாலை 7. காசியில் புறப்பட்டு கன்னியாகுமரியில் முடிந்த சாலை. நீளம் 2,369 கிலோ மீட்டர். நாட்டிலேயே நீளமான சாலை என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, அதேதான்.

2010-ல் மத்திய அரசு எல்லாச் சாலைகளுக்கும் புது நம்பர் போட்டது. அப்போது இது 44 ஆனது. வடகோடி ஸ்ரீநகருக்குப் போனது. நீளம் 3,700 கிலோ மீட்டருக்கு மேல். பழைய 7 என்ற நம்பரைத் தூக்கி, பஞ்சாபில் இருந்து பத்ரிநாத் பக்கம் போகும் வேறொரு சாலைக்குக் கொடுத்துவிட்டார்கள். காசிக்குப் போன சாலை காஷ்மீருக்குப் போகிறது. நம் ஊர் டீக்கடைக்கு அதனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை.

இதில் தமிழ்நாட்டுக்குள் வருவது சுமார் 630 கிலோ மீட்டர். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, விருதுநகர், நெல்லை, குமரி. மாநிலத்தை நெட்டுவாக்கில் கிழிக்கும் ஒரே கோடு.

ராணி போட்ட ரோடு

தெற்கே இருந்து வருவோம். குமரியையும் மதுரையையும் இணைத்த பழைய பாதைக்கு "மங்கம்மாள் சாலை" என்று பெயர். ராணி மங்கம்மாள் 1689-ல் தொடங்கி, குழந்தையாக இருந்த பேரனுக்காக மதுரையில் ஆட்சி நடத்தியவர். சாலை போட்டார், ஓரத்தில் மரம் வைத்தார், சத்திரம் கட்டினார். மதுரை ரெயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் மங்கம்மாள் சத்திரத்தைப் பார்க்காத வெளியூர்க்காரர் குறைவு. இன்றைய சாலை அந்தத் தடத்திலேயே அடிக்கு அடி போகவில்லை. ஆனாலும் தென் மாவட்டங்களில் சில கிராமத்து ரோடுகளை இன்னும் மங்கம்மாள் சாலை என்றுதான் சொல்கிறார்கள்.

குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ந் தேதிதான். அதற்கு முன்பு திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம். ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டினால் வேறு சர்க்கார்!

நெல்லை தாண்டி வடக்கே வந்தால் கயத்தாறு. 1799 அக்டோபர் 16-ந் தேதி வீரபாண்டிய கட்டபொம்மனைக் கம்பெனிக்காரர்கள் புளியமரத்தில் தூக்கில் போட்ட ஊர். வெள்ளித்திரையில் கட்டபொம்மனாக நடித்த சிவாஜி கணேசன் பிற்பாடு அங்கே இடம் வாங்கிச் சிலை வைத்தார்.

புளியமரம் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ரோட்டின் இரு பக்கமும் ஒரு காலத்தில் புளியமரங்கள் கைகோத்து நின்றன. அடிமரத்தில் கறுப்பு வெள்ளைப் பட்டை அடித்து நம்பர் எழுதியிருப்பார்கள். வருஷா வருஷம் காய் ஏலம் நடக்கும். சர்க்காருக்கு வருமானம், நடந்து போகிறவனுக்கு நிழல். நாலு வழிச் சாலை வந்தபோது பெரும்பாலான மரங்கள் போய்விட்டன. நடுவில் அரளிச்செடி வைத்தார்கள். எதிர் வண்டியின் லைட் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் அது தடுக்கும். நிழல் தராது.

ஊரைத் தொடாத பஸ்

கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாத்தூர் சேவுக்குச் சொல்லவே வேண்டாம். ஆனால் பஸ் ஊருக்குள் போனால்தானே வாங்க முடியும்?

வாஜ்பாய் ஆட்சியில் ஆரம்பித்த நாற்கரச் சாலைத் திட்டத்தில் வடக்கு-தெற்குப் பாதையாக இது சேர்ந்தது. 2010-ஐ ஒட்டி அநேகமாக எல்லா இடத்திலும் நாலு வழியாகிவிட்டது. ஊருக்கு ஊர் பைபாஸ். அரசு பஸ்களிலேயே "பைபாஸ் ரைடர்" என்று போர்டு. மதுரையில் ஏறி ஒரே தூக்கத்தில் நெல்லையில் இறங்கலாம். நல்லதுதான். ஆனால் நடு ஊர்க்காரன் கதி? ராத்திரி 2 மணிக்கு "பைபாஸில்தான் நிற்கும், இறங்கு" என்கிறார் கண்டக்டர். அங்கே இருட்டு. ஆட்டோ கிடையாது. ஊர் இரண்டு கிலோ மீட்டர் தள்ளி. கைக்குழந்தையோடு ஒரு பெண் அந்த ரோட்டைக் குறுக்கே கடந்து நடக்க வேண்டும். 100 கிலோ மீட்டர் வேகத்தில் கார் வரும் ரோடு அது! முன்பெல்லாம் ரோட்டோரம் இருக்கும் ஊர் என்றால் பெண் கொடுக்க யோசிக்க மாட்டார்கள். இப்போது ஊர் ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம் என்று நடுவே ரோடு கிடக்கிறது.

போதாததற்கு டோல்கேட். மதுரைக்குத் தெற்கே கப்பலூர் சுங்கச்சாவடியை எடுத்துக்கொள்ளுங்கள். "நாங்கள் உள்ளூர்க்காரர்கள், பக்கத்து ஊருக்குப் போய்வரவும் பணமா?" என்று திருமங்கலத்துக்காரர்கள் வருஷக்கணக்காகக் கேட்டு வருகிறார்கள். நகராட்சி எல்லையில் இருந்து 10 கிலோ மீட்டருக்குள் சாவடி கூடாது என்பது 2008-ம் ஆண்டு விதி. விதிவிலக்கும் அதே விதியில் உண்டு. 2024 ஜூலையில் மறியல், கடையடைப்பு வரை போனது.

மதுரை தாண்டினால் வாடிப்பட்டி, கொடைரோடு, பூட்டு ஊரான திண்டுக்கல். அப்புறம் அரவக்குறிச்சி, கரூர். வேலூர்ப் பாலத்தில் காவிரி. (நம் பரமத்தி வேலூர்தான், கோட்டை வேலூர் இல்லை.) கரூரில் பஸ்ஸுக்குக் கூடு கட்டுகிறார்கள், நாமக்கல்லில் லாரிக்கு. 18 அடி ஆஞ்சநேயரைக் கும்பிட்டுவிட்டுத்தான் புது வண்டி ரோட்டுக்கு வரும். ராசிபுரம் ஆண்டகளூர் கேட், சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி, ஓமலூர், தீவட்டிப்பட்டி... இதோ தொப்பூர்.

அதற்கு மேலே பழைய பாராமகால் சீமை. 1790-ல் திப்பு சுல்தான் படையும் அதைத் துரத்திய கம்பெனிப் படையும் இந்தக் கணவாயைத்தான் கடந்தன. மேட்டு நாட்டுக்கும் கீழ் நாட்டுக்கும் இதுவே வாசல். 1792 ஒப்பந்தத்தில் சீமை வெள்ளைக்காரன் கைக்கு வந்தது. பின்னாளில் சென்னைக்குக் கவர்னரான தாமஸ் மன்றோ, சின்ன அதிகாரியாக தர்மபுரியில் இருந்து வரி வசூல் பார்த்தது அப்போதுதான்.

அந்தக் காலத்தில் மாட்டு வண்டிக்காரன் இறக்கத்தில் வண்டியை விட்டுக் கீழே இறங்கி, மாட்டைப் பிடித்துக்கொண்டு நடப்பான். லாரி டிரைவர் அப்படிச் செய்ய முடியுமா?

நியூட்ரல் என்னும் எமன்

இப்போது ஓசூரில் இருந்து லோடு ஏற்றிய ஒரு லாரியில் ஏறிக்கொள்ளுங்கள். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 3,000 அடி. சேலம் 900 அடிச் சொச்சம். ஆக, 2,000 அடி இறங்கியாக வேண்டும். ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி பக்கம், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று ஒரு பகுதி இறங்கியாயிற்று. தர்மபுரி வரை ஓரளவு சமம். மிச்சத்தை மொத்தமாக இறக்கிவிடும் இடம்தான் தொப்பூர்.

"இறக்கந்தானே, நியூட்ரல்லே விட்டா டீசல் மிச்சம்." இது பல டிரைவர்களின் பழைய கணக்கு. மிச்சமாகும் டீசல் ஒரு டீ, வடைக்குக் காணும். அவ்வளவுதான்!

கியரில் இருந்தால் என்ஜினே வண்டியைப் பிடித்து இழுக்கும். சின்ன கியரில் போனால் பிரேக்குக்குப் பாதி வேலை இல்லை. நியூட்ரலில் விட்டால் அந்தப் பிடி போச்சு. 30, 40 டன் எடையும் பிரேக் மேலேதான். மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் பழுக்கக் காய்கிறது, லைனிங் வழுக்க ஆரம்பிக்கிறது. திரும்பத் திரும்ப மிதிப்பதால் ஏர் டேங்கில் காற்றும் குறைகிறது. என்ஜின் மெதுவாக ஓடும்போது கம்ப்ரசர் அதை உடனே நிரப்பாது. கடைசியில் முன்னால் பாலமும் வளைவும் வரும்போது பெடல் போகும், வண்டி நிற்காது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்பதற்கு நாலு மடங்கு தூரம் வேண்டும். அந்தத் தூரத்தில் நிற்பது நாம் வரும் பஸ், கார், மோட்டார் சைக்கிள்.

டிரைவரை மட்டும் திட்டிவிட்டுப் போவது சுலபம். வடக்கே எங்கிருந்தோ ராப்பகலாக ஓட்டி வருகிறவனுக்கு இந்த இறக்கம் புதுசு. பலகை வைத்தாயிற்று, பல மொழியில் எச்சரிக்கையும் வைத்தாயிற்று. ஆனால் ரோடு தேர் ஓடும் வீதி மாதிரி அகலமாக இருக்கிறதே! அகலத்தைப் பார்த்தால் கால் தானாக ஆக்சிலேட்டரை அழுத்தும். சரிவும் வளைவும் அந்த அகலத்துக்குள் ஒளிந்திருக்கின்றன. இறக்கத்துக்கு முன்னால் பாளையம் டோல்கேட் இருக்கிறது. முன்பு காசு கொடுக்கவாவது நின்றார்கள். 2021 பிப்ரவரியில் பாஸ்டாக் கட்டாயமான பிறகு அதுவும் இல்லை. பணம் பிடிக்க ஒரு நொடியில் வழி கண்டவர்கள், ஒவ்வொரு கனரக லாரியையும் அங்கே ஐந்து நிமிஷம் நிறுத்தி "பிரேக் சரியா, கியர் எது?" என்று கேட்க வழி காணக்கூடாதா?

2024 விபத்துக்குப் பின் உயர்மட்டச் சாலை பற்றிய பேச்சு வேகம் பிடித்தது. சுமார் ஆறரை கிலோ மீட்டருக்குச் சரிவைக் குறைத்து, பல நூறு கோடி ரூபாயில் பாலம் போலக் கொண்டுபோகும் திட்டம். பாலம் எழும்பி வண்டி ஓடுகிற வரை பழைய இறக்கத்தில்தான் இறங்க வேண்டும்.

இந்த வழியில் போகிறவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள ஒன்று. தேசிய நெடுஞ்சாலையில் எங்கே விபத்து என்றாலும் 1033-க்கு போன் செய்யலாம். ஆம்புலன்சுக்கு வழக்கம்போல 108. "இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48" என்ற மாநில அரசின் திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் பணம் கேட்கக் கூடாது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர் என்ற கேள்வி கிடையாது. தமிழே தெரியாத வெளிமாநில டிரைவருக்கும், அவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த கிளீனர் பையனுக்கும் இது உண்டு.