விசா என்றதும் கடன் கொடுக்கலாமா?

கொட்டகலையில் கடை வைத்திருக்கும் என்னிடம் தோட்டத்துத் தம்பி ஒருவர் வந்தார். "முதலாளி, அவுஸ்திரேலியாவில் ஒரு வருஷம் வேலையும் செய்யலாம், ஊரும் பார்க்கலாமாம். ஏஜன்டுக்கு மூன்று லட்சம் கட்டணும். அம்மாவின் நகையை அடகு வைத்தால் பாதி தேறும். மீதியை நீங்கள் தந்தால்..." என்றார்.

விசாரித்தேன். இந்த 'வேர்க் அன்ட் ஹொலிடே' விசா, உடன்பாடு செய்துள்ள நாட்டவருக்கே கிடைக்கும். 2024இல் இந்தியா சேர்ந்தது: 18 முதல் 30 வயதினருக்கு, குலுக்கல் முறையில், ஆண்டுக்கு 1,000 இடங்கள். இலங்கை பட்டியலில் இல்லை.

"நம் பாஸ்போர்ட்டுக்கு இது கிடையாது தம்பி" என்றேன். நகை தப்பியது.

வியாபாரிகளே, வெளிநாட்டுப் பயணத்துக்குக் கடன் கேட்டால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எந்த விசா? ஏஜன்சிக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் உண்டா? பணியகத்தின் 1989 இலக்கத்தில் விசாரிக்கலாம். காரணம் சொல்லி மறுப்பதும் உதவிதான்.