வனாந்தரச் சட்டம்: பேனா யார் கையில்?

செப்டம்பர் 3, 1964-ல் அமெரிக்க வனாந்தரச் சட்டம் கையெழுத்தான நாள். அதை எழுதிய ஹோவர்ட் ஸானைசர் எந்தத் தொகுதி எம்.பி. என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்திருக்கின்றன. அவர் எம்.பி.யே இல்லை. வனாந்தரச் சங்கம் என்ற தனியார் அமைப்பை நடத்தியவர். 1956-ல் மசோதாவை எழுதத் தொடங்கி 66 முறை திருத்தினார்.

அப்படி எழுத என்ன அவசரம்? அதற்கு முன்பே வனத்துறை பல பகுதிகளைக் ‘காத்து’ வந்தது. துறையின் அகராதியில் பாதுகாப்பு என்றால், அடுத்த உத்தரவு வரும்வரை என்று அர்த்தம். ஓரிகன் மாநிலத்தில் த்ரீ சிஸ்டர்ஸ் பகுதியின் எல்லையை 1957-ல் மாற்றி வரைந்தார்கள். வெட்டத் தோதான மரங்கள் நிறைந்த ஃபிரெஞ்ச் பீட் பள்ளத்தாக்கு வெளியே போய்விட்டது. எல்லை வரையும் பேனாவை அதிகாரிகளிடமிருந்து பிடுங்குவதுதான் ஸானைசரின் திட்டம்.

பிடுங்கிய பேனா யாரிடம் போனது என்பதில்தான் சுவாரசியம். புதிய பகுதிகளை அரசு பரிந்துரைக்கும், காங்கிரஸ் மறுக்காவிட்டால் அது அமலாகும் என்று இருந்தது பழைய வரைவு. பிரதிநிதிகள் சபையின் உள்துறைக் குழுத் தலைவர் வேய்ன் ஆஸ்பினல் அதைத் தலைகீழாக்கினார்: புதிதாக எந்தப் பகுதியைச் சேர்த்தாலும் காங்கிரஸ் தனிச் சட்டம் போட வேண்டும். கொலராடோக்காரரான அவர், சுரங்கத் தரப்புக்கு வேண்டியவர். காடு பெருகாமல் தடுக்கப் போட்ட பூட்டு அது. வேறு வழியின்றி ஆதரவாளர்கள் ஏற்றார்கள்.

நடந்தது வேறு. ஊர் ஊராக மக்கள் தங்கள் மலைக்குத் தாங்களே வரைபடம் போட்டு, தங்கள் எம்.பி.யை நச்சரிக்கத் தொடங்கினார்கள். அரசு முன்மொழியாத இடங்கள்கூடப் பட்டியலில் ஏறின. 1978-ல் ஃபிரெஞ்ச் பீட் திரும்பி வந்தது, இம்முறை சட்டமாக. 91 லட்சம் ஏக்கரில் தொடங்கிய வனாந்தரப் பரப்பு இன்று 11 கோடியைத் தாண்டிவிட்டது. இதில் பாதியளவு அலாஸ்கா, பெரும்பாலும் 1980-ன் ஒரே சட்டத்தில் வந்தது என்பதை ஆண்டுவிழா மேடைகளில் அவ்வளவாகச் சொல்வதில்லை.

மற்ற கேள்விகள்:

கையெழுத்தின்போது ஸானைசர் இருந்தாரா? இல்லை, மசோதா மீதான கடைசி விசாரணை முடிந்த சில நாட்களில், மே 5-ல் இறந்துவிட்டார். மனைவி ஆலிஸ் வந்திருந்தார்.

மேய்ச்சல்? முன்பே இருந்த இடங்களில் தொடரலாம்.

சுரங்கம்? தேசிய வனங்களில் 1983 டிசம்பர் 31 வரை புதிதாக உரிமை கோரலாம் என்று சட்டமே இடம் கொடுத்தது.

அணை? தேசிய வனங்களில் ஜனாதிபதி அனுமதித்தால் கட்டலாம். அந்தப் பிரிவு இன்றும் இருக்கிறது.