கீரவாணி எட்டிப்பார்க்கும் ஒரு கணம்

சனிக்கிழமை காலை லிட்டில் இந்தியாவில் ரயில் ஏறினால் மூன்றாவது நிறுத்தம் சைனாடவுன். கிட்டார் பையோடு பகோடா ஸ்திரீட்டில் நடப்பேன். அந்தப் 'பகோடா' வேறெதுவும் இல்லை, 1827ல் எழுந்த நம் ஸ்ரீ மாரியம்மன் கோயிலின் கோபுரம்தான். பக்கத்துத் தெருவில் ஒரு கடைவீட்டின் மாடியில் என் ஜாஸ் கிட்டார் வகுப்பு.

வானொலியில் தினமும் பாட்டுப் போடுகிறவள் நான். ஆனால் பன்னிரண்டு வயதில் கர்நாடகப் பாட்டு வகுப்பைப் பாதியில் விட்டேன். அம்மா திட்டவில்லை, "சரி" என்றார். அதோடு எங்கள் வீட்டில் இசையைப் பற்றிய பேச்சு நின்றுபோனது. இருபத்திரண்டு ஆண்டுகளாக அம்மா அறைக்கதவைச் சாத்திக்கொண்டுதான் பாடுவார்.

என் ஆசிரியர் அறுபதைத் தாண்டிய சீனர். ஒருநாள் தாளில் நான்கு மைனர் ஸ்கேல்களை எழுதித் தந்தார்: ஏயோலியன், ஹார்மோனிக், டோரியன், மெலோடிக். விரல் போனது, காதில் நிற்கவில்லை. வீட்டில் அதையே திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது: "என்னடி, நடபைரவியில ஆரம்பிச்சு கீரவாணிக்குத் தாவுற?"

அன்றிரவு இருவரும் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்டோம். 20வது மேளம் நடபைரவி, 21 கீரவாணி, 22 கரஹரப்பிரியா, 23 கௌரிமனோகரி. நான்கிலும் ச, ரி, க, ம, ப ஒன்றுதான். தைவதமும் நிஷாதமும் மட்டுமே மாறுகின்றன. இரண்டும் கீழே இருந்தால் நடபைரவி, அதாவது ஏயோலியன். நிஷாதம் மட்டும் ஏறினால் கீரவாணி, ஹார்மோனிக் மைனர். தைவதம் மட்டும் ஏறினால் கரஹரப்பிரியா, டோரியன். இரண்டும் ஏறினால் கௌரிமனோகரி. மெலோடிக் மைனரின் ஏறுமுகம். ஆசிரியரின் நான்கு வரிகளும் மேளகர்த்தா அட்டவணையில் வரிசையாக நின்றன!

"ஸ்வரம் ஒண்ணுதான். கமகம் இல்லாம அது ராகமாகிடாது" என்று அம்மா உடனே எச்சரித்தார். நியாயம்தான். ஆனாலும் மைல்ஸ் டேவிஸின் 1959ஆம் ஆண்டு 'சோ வாட்' இசையைப் போட்டுக் காட்டினேன். முதல் 16 பார் டி டோரியன், பிறகு 8 பார் அதே டோரியன் அரைச்சுருதி மேலே, கடைசி 8 பாருக்கு மறுபடியும் பழைய இடம். "சட்ஜத்தையேவா நகர்த்துறாங்க?" என்றார் அம்மா. தம்பூராவோடு வாழ்ந்தவருக்கு அது வீட்டின் தரையையே நகர்த்துவது மாதிரி.

செகண்டரி டாமினன்ட் என்னைப் பாடாய்ப் படுத்தியது. சி மேஜரில் ஜி7 வாசித்தால் காது சி-யை எதிர்பார்க்கும். அதே எதிர்பார்ப்பை நடுவழியில் வேறொரு கார்டுக்கும் உண்டாக்கலாம் என்பதுதான் விஷயம். கிட்டார் இருந்தால் வாசித்துப் பாருங்கள்: ஏ மைனர் 7, ஏ7, டி மைனர். இரண்டாவது கம்பியில் விரல் முதல் ஃப்ரெட், இரண்டாவது, மூன்றாவது என்று படியேறும். நடுப்படியில் இருக்கும் சி ஷார்ப், சி மேஜரில் இல்லாத ஸ்வரம். டி-யைக் கைகாட்டிவிட்டுப் போக வந்த விருந்தாளி.

"காம்போஜியில காகலி நிஷாதம் வர்ற மாதிரி" என்றார் அம்மா. அன்னிய ஸ்வரம் என்ற அளவில் சரி. காம்போஜியில் சட்ஜம் அசையாது. இங்கே ஒரு கணம் டி-யே வீடாகத் தோன்றும். இதை நாங்கள் இரண்டு நாள் வாதாடினோம். இருபத்திரண்டு ஆண்டுப் பாக்கி!

நம் ஊர்க் கிட்டாருக்குத் தமிழ்ப்பெயர் புதிதல்ல. 1981ல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் கிட்டார் குழுவைத் தொடங்கி, 1988ல் கலாசாரப் பதக்கம் பெற்றவர் அலெக்ஸ் அபிஷேகநாதன். அவர் வழி செவ்வியல் கிட்டார், ஜாஸ் அல்ல. 2023ல், 97 வயதில் மறைந்தார். அவரை ஒருமுறையாவது பேட்டி எடுத்திருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இப்போது நான் பழகுவது 'ஆட்டம் லீவ்ஸ்'. ஜோசப் கோஸ்மா 1945ல் அமைத்த மெட்டு. இ மைனரில் வாசிக்கும்போது பி7 வரும் இடத்தில் டி ஷார்ப் எட்டிப்பார்க்கும். ஜி மேஜரில் நின்று பார்த்தால் அது செகண்டரி டாமினன்ட். அம்மாவின் கணக்கில், நடபைரவிக்குள் ஒரு கணம் கீரவாணி.

போன மாதம் மாணவர் மாலையில் சரியாக அந்த இடத்தில்தான் என் விரல் உறைந்தது. இரண்டு பார் முழுக்க மௌனம். வானொலியில் இரண்டு விநாடி மௌனத்துக்கே பதறுகிறவள் நான். அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். திரும்பும் ரயிலில் தோபி காட் தாண்டும்வரை எதுவும் பேசவில்லை. பிறகு மெல்ல, அந்த நிஷாதத்தை மட்டும் முணுமுணுத்துக் காட்டினார்.

பி7 இன்னும் அரை அட்சரம் தாமதமாகத்தான் வருகிறது. அறைக்கதவு திறந்தே இருக்கிறது. தொடையில் தாளம் போட்டபடி அம்மா, "மறுபடி" என்கிறார்.