தோல் இறுகும் வியாதியும் இரத்தத்தின் சாட்சியமும்

பெரியநாயகி அம்மன் கோயிலால் பக்தர்களும் ஆரணிப் பட்டால் வணிகர்களும் அறிந்த தேவிகாபுரத்தில், பல குடும்பங்களின் ஜீவனம் விரல் நுனிகளையே நம்பியிருக்கிறது. அறுந்த இழையைத் தேடி முடிவதும், பழைய பாவின் நுனியோடு புதிய பாவைப் பிணைப்பதும் கண்ணைவிடத் தொடுவுணர்ச்சிக்கே உரிய வேலைகள். ஆகையால், மார்கழிக் குளிரில் விரல்கள் திடீரென்று வெளுத்து, பின்பு நீலம் பாய்ந்து, சூடேறியதும் சிவந்து வலிக்குமானால், பனியின் கோளாறு என்று தள்ளிவிடாமல் அதன் காரணத்தை விசாரித்தறிவது அவ்வூராருக்கு மிகவும் அவசியம்.

1862-இல் மோரீஸ் ரேனோ என்ற பிரெஞ்சு வைத்தியர் விவரித்த இந்த லட்சணம் பெரும்பாலோருக்குத் தீங்கற்றது. சிலருக்கு மட்டும் சிஸ்டமிக் ஸ்கிளிரோசிஸ் என்னும் அபூர்வ வியாதியின் முன்னறிகுறியாக அமைகிறது. பெண்களையே அதிகம் பீடிக்கும் இவ்வியாதியில் தோல் தடித்து இறுகுவதோடு, நுரையீரல், இருதயம், சிறுநீரகம், உணவுக்குழாய் ஆகியவையும் பாதிப்புறலாம். கல்லுடைக்கும் இடங்களில் பறக்கும் சிலிக்காத் தூசி இதன் அபாயத்தைக் கூட்டுகிறது. பட்டிழைமீது அத்தகைய குற்றம் நிலைநாட்டப்படவில்லை.

நம்மைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே நம் சரீரத்துக்குப் பகையாவதுதான் இங்கே நிகழும் விபரீதம். நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவர் சேதமுறுகிறது. எதிர்ப்புச் சக்தியைச் சேர்ந்த டி அணுக்களும் பி அணுக்களும் காரணமின்றிக் கிளர்ச்சியுறுகின்றன. அவை விடுக்கும் இன்டர்லூக்கின்-6 போன்ற ரசாயனத் தூதுகளால் தூண்டப்பட்ட இழையணுக்கள், புடவையின் நீளம் முடிந்த பின்னும் நிற்காமல் ஓடும் தறியைப் போல, கொலாஜன் என்னும் நாரைப் பெருக்கிக்கொண்டே போகின்றன.

இந்தக் கலகத்தின் தடயம் இரத்தத்தில் தங்குகிறது. நோயாளிகளில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல், உயிரணுவின் கருவையே எதிர்க்கும் ஏ.என்.ஏ. என்ற எதிர்ப்பொருள் காணப்படும். அதற்குள்ளும் பேதம் உண்டு: ஸ்கெல்-70 இருந்தால் நுரையீரல் இறுகும் அபாயம் மிகுதி, சென்ட்ரோமியர் எதிர்ப்பொருள் இருந்தால் தோலின் பாதிப்பு பெரும்பாலும் கைகளிலும் முகத்திலும் அடங்கினாலும், நுரையீரல் தமனியில் அழுத்தம் ஏறக்கூடும், ஆர்.என்.ஏ. பாலிமரேஸ்-3 எதிர்ப்பொருள் உடையோர் இரத்த அழுத்தத்தை அடிக்கடி அளந்து, சிறுநீரகத்தைக் காத்துக்கொள்ள வேண்டும். இருதயத்தின் சிரமத்தை என்.டி.-புரோ-பி.என்.பி. என்ற அளவு உணர்த்துகிறது, கே.எல்.-6 நுரையீரலின் காயத்தைக் காட்டுகிறது.

ஆயினும், இரத்தத்தின் வாக்கு மட்டுமே தீர்ப்பாகிவிடாது. ஆரோக்கியமான சிலரிடத்தும் ஏ.என்.ஏ. தென்படுவதுண்டு, ஆதலால் நகக்கண்ணின் நுண்குழாய்கள், தோலின் தடிப்பு, நுரையீரலின் சி.டி. படம், மூச்சுப் பரிசோதனை, இருதயத்தின் எக்கோ ஆகிய அனைத்தையும் சேர்த்தே வைத்தியர் முடிவு கூறுவார்.

இத்தகைய பரிசோதனைக்குத் தேவிகாபுரத்தார் நெடுந்தூரம் அலைய வேண்டியதில்லை. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியிலும், சென்னை அரசுப் பொது மருத்துவமனையிலும் இத்தகைய வியாதிகளைக் கவனிக்கும் ருமட்டாலஜித் துறைகள் இருக்கின்றன. மைக்கோஃபீனோலேட், நின்டெடானிப் போன்ற மருந்துகள் நுரையீரலின் சேதத்தை மெதுவாக்குகின்றன. இன்டர்லூக்கின்-6-இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் 2021-இல் அமெரிக்காவில் இந்நோய்க்குரிய நுரையீரல் பாதிப்புக்கு அனுமதி பெற்றது. ஆனால் ஒருமுறை இறுகிப்போன நுரையீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் சக்தி எந்த மருந்துக்கும் இல்லை. ஆகவே, விரல் வெளுத்த முதல் குளிர்காலத்திலேயே வைத்தியரை நாடுவதுதான், உழைக்கும் கைகளுக்கு நாம் செய்ய வேண்டிய முதற் கடமை.