பின்வரிசைக்காரர்

பி.காம். முடித்துவிட்டு ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் லெட்ஜர் எழுதினேன். 'அடுத்த சீஃப் அக்கவுன்டன்ட் நீதாம்ப்பா' என்று ஆளாளுக்கு முதுகில் தட்டினார்கள். ஒருநாள் வெளியிலிருந்து ஒருத்தர் வந்து ஜம்மென்று அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். என்னைவிட வயதில் சின்னவர்!

அன்று ராத்திரி நண்பன் தன் இயர்போனை என் காதில் செருகினான். ''கேளுடா. உன் கேஸ்தான்.''

யான் டிஸ்மாஸ் ஸெலன்கா. 1679-ல், இன்றைய செக் நாட்டில் இருக்கும் பொஹீமியாவில் பிறந்தவர். ஜெர்மனியின் டிரெஸ்டன் அரசவை வாத்தியக் குழுவில் ஆளுயர பேஸ் வாத்தியத்தை வாசித்தவர். அதாவது, கல்யாண போட்டோவில் கடைசி வரிசை.

இசைத் தலைவர் ஹைனிகென் உடம்புக்கு முடியாமல் போனபோது சர்ச் இசை வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தவர் இவர்தான். ஹைனிகென் 1729-ல் காலமானார். 1733-ல் ஸெலன்கா அந்தப் பதவி கேட்டு மனுப் போட்டார். கிடைத்தது யாருக்கு? ஆபராவில் கொடிகட்டிப் பறந்த ஹாஸ்ஸேவுக்கு. இவரைவிட இருபது வயது இளையவர்!

நான் கேட்டது, ஸெலன்கா 1720-களின் தொடக்கத்தில் எழுதிய ஸொனாட்டாக்கள். மொத்தம் ஆறு. இரண்டு ஓபோ, ஒரு பஸ்ஸூன் (ஒன்றில் மட்டும் ஒரு ஓபோவுக்குப் பதில் வயலின்), அடியில் பேஸ். ஓபோ நம்ம நாகஸ்வரத்துக்குத் தூரத்துச் சொந்தம்; சீவாளி வைத்து ஊதுகிற ஜாதி. பஸ்ஸூனும் அப்படித்தான், குரல்தான் கட்டை. அந்தக் காலத்தில் அதற்குப் பெரும்பாலும் பேஸுக்கு ஒத்து ஊதுகிற வேலைதான். ஸெலன்காவோ அதை ஓபோக்களுக்குச் சரிசமமாக ஓடவிடுகிறார். பின்வரிசைக்காரருக்குத்தானே பின்வரிசையின் அருமை தெரியும்!

1745-ல் அவர் இறந்த பிறகு இந்த இசை வெகுகாலம் தூங்கிற்று. 1970-களின் தொடக்கத்தில் ஹைன்ஸ் ஹோலிகர், மோரிஸ் பூர்க் இருவரும் ஓபோவிலும், கிளாஸ் தூனமன் பஸ்ஸூனிலும் ஆறையும் ரெக்கார்டு செய்தார்கள். கேட்டவர்கள் 'யாரய்யா இது?' என்றார்கள். அதே மூவர் 1997-ல் மறுபடியும் உட்கார்ந்து ஆறையும் வாசித்தார்கள். இரண்டுமே கேளுங்கள், மூச்சு முட்டுவது உங்களுக்குத்தான், அவர்களுக்கல்ல.

வாராக்கடன் என்று எழுதித் தள்ளிய தொகை, இருநூறு வருஷத்துக்குப் பிறகு வட்டியோடு வந்த கதை. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

மறுநாள் ஆபீஸுக்குப் போனேன். புது சீஃபுக்கு வணக்கம் சொன்னேன். ராஜினாமா கடிதம் பையிலேயே இருந்தது. அதைக் கொடுப்பதற்கு முன்னால், பாக்கியிருந்த லெட்ஜர் பக்கங்களை ஒரு பைசா பிசகாமல் எழுதி முடித்தேன்.