எலி இழுத்த ட்யூப்!

எங்கள் தெருமுனை பஞ்சர் கடையில் ஒரு பையன் இருந்தான். பதினைந்து வயது. காலை ஒன்பது மணி அவசரத்தில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், 'பத்தே நிமிஷம் சார்' என்பான். எட்டில் முடித்துவிடுவான். 'டேய், அப்படியே ஒரு சிகரெட் வாங்கிட்டு வா' என்று அவனை நானே பலமுறை அனுப்பியிருக்கிறேன்.

போன வாரம் ஆளைக் காணோம்.

"ஸ்பானர் செட்டைத் தூக்கிட்டுப் போய் வித்துட்டான் சார். போலீஸ்ல பிடிச்சு, கெல்லீஸ் கூர்நோக்கு இல்லத்துல வெச்சிருக்காங்க" என்றார் முதலாளி. பிறகு, "சொல்யூஷன் ட்யூபும் அடிக்கடி காணாமப் போச்சு. நான் எலின்னு நெனச்சேன்!"

எலி இல்லை. கர்சீப்பில் பிழிந்து மூக்கில் வைத்து இழுப்பது. அதிலுள்ள டொலுவீன் மாதிரி சமாசாரங்கள் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். போதை நிற்பதோ சில நிமிஷம்தான். அதனால் மறுபடி, மறுபடி! முதல் தடவையே இதயம் நின்று செத்தவர்களும் உண்டு. இதற்குப் பயந்துதான் 2012-ல் மத்திய அரசு பாட்டில் ஒயிட்னருக்குத் தடை போட்டது. பஞ்சர் ட்யூபுக்கு எப்படிப் போடுவது?

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? எந்தத் தேதியில் எந்த என்ட்ரி என்று விசாரித்தேன். அம்மா இறந்தது முதலில். அப்பா வேறு குடும்பம் பார்த்துக்கொண்டது அடுத்து. பையன் ஷட்டர் ஓரமே படுக்க ஆரம்பித்தான். ராத்திரியில் இரண்டு பெரிய பசங்க வந்து உட்கார்ந்தார்கள். பசி தெரியாமலிருக்க ட்யூப். காலையில் எழ முடியாமல் சம்பளம் கட். ஸ்பானர் வந்தது கடைசி வரியில்! போலீஸ் எழுதிக்கொண்டது அந்த ஒரு வரியைத்தான்.

அந்தப் பெரிய பசங்களை என்ன செய்யலாம் என்று 2015-ம் வருஷத்து சிறார் நீதிச் சட்டத்தைப் புரட்டினேன். 77-வது பிரிவு. பதினெட்டு வயதாகாதவனுக்கு மதுவோ, போதை மருந்தோ, புகையிலையோ கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம். அந்தப் பட்டியலில் பஞ்சர் சொல்யூஷன் இல்லவே இல்லை.

சிகரெட் இருக்கிறது. ஒரு மழை நாளில், 'குளிருது சார்' என்றவனுக்குப் பாக்கெட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்த புண்ணியவான் நான்தான்.

"பொறுப்பான ஆள் யாராவது வந்தா ஜாமீன்ல விடுவாங்களாம். நீங்க வர்றீங்களா சார்?" என்றார் முதலாளி.

திங்கட்கிழமை போகிறோம். சிகரெட் விஷயத்தை அங்கே சொல்வதா, வேண்டாமா என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.